தக்காளிக்குத் தடை

ஒடிசாவில் விருந்து எதுவானாலும் இலையில் கட்டா விழாமல் முடியாது. கல்யாணமோ பூணூலோ கிரகப்பிரவேசமோ, சோறும் பருப்பும் கறிகளும் பரிமாறி ஓய்ந்த பிறகு, ஒருவர் வாளியும் கரண்டியுமாகக் கடைசிச் சுற்று வருவார். தக்காளியை வெல்லத்தோடு குழைய வேகவிட்டு, பேரீச்சம்பழம் போட்டு, கடுகு, சீரகம், வெந்தயம், சோம்பு, கருஞ்சீரகம் ஐந்தையும் தாளித்துக் கொட்டிய இனிப்புப் புளிப்பு அது. கட்டா என்றாலே புளிப்பு என்றுதான் அர்த்தம். பாயசம் தனிக் கணக்கு. கட்டா சரியில்லை என்று பேச்சு வந்துவிட்டால் சமையல்காரருக்கு அடுத்த கல்யாணம் கிடைப்பது கஷ்டம்.

புவனேஸ்வரத்தின் பழைய நகர்ப் பகுதியில் உள்ள ஒரு வீட்டில் 2019க்குப் பிறகு இந்தச் சிவப்புக் கட்டா சமைக்கப்படவில்லை. தக்காளி என்ற ஒன்று வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. தந்தை வங்கி ஊழியர். தாய்க்கு மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. தந்தையின் தாயார் புரி பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர். கணவர் இறந்தபின் மகனோடு வந்து சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு ஒரே மகள். தடை அவளுக்காக.

‘ஒத்துக்கொள்ளாது’ என்று தமிழில் சொல்கிறோம். தக்காளி ரசம் குடித்த பெரியவருக்கு நெஞ்சு எரிவதும் ஒத்துக்கொள்ளாமைதான். இந்தப் பெண்ணுக்கு நேர்வதும் ஒத்துக்கொள்ளாமைதான். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதில்தான் வம்பு. பெரியவரின் வயிறு அமிலத்தோடு தகராறு செய்கிறது. அளவைக் குறைத்தால் தகராறும் குறையும். பெண்ணின் உடலோ தக்காளியில் உள்ள ஒரு புரதத்தைப் பகைவன் என்று நினைத்துப் படை திரட்டுகிறது. அங்கே ஒரு குண்டானும் ஒரு ஸ்பூனும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்த வித்தியாசத்தை வீட்டில் உள்ள எல்லோருக்கும் புரியவைக்க அந்தத் தாய்க்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

விஷயம் தெரிய வந்தது 2019இல், பிள்ளையார் சதுர்த்தியன்று. ஒடிசாவில் பள்ளிக்கூடங்களில் பிள்ளையார் பூஜையும் சரஸ்வதி பூஜையும் பெரிய விழாக்கள். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கெச்சுடி, டால்மா, கட்டா சாப்பிடுவார்கள். கெச்சுடி நம்மூர்ப் பொங்கலுக்கு அண்ணன். டால்மா, பருப்பும் காய்களும் சேர்ந்து வெந்தது. ஆறு வயதுப் பெண் கட்டாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் உதடு தடித்திருந்தது. கழுத்திலும் முதுகிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. அதற்கு முன்பும் சாப்பிடும்போது ‘நாக்கு குத்துது’ என்று சொல்லியிருக்கிறாள். சாப்பிட முரண்டு பிடிக்கிறாள் என்று நினைத்து யாரும் பொருட்படுத்தவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். அடுத்தவர் இறாலைச் சந்தேகித்தார். கடலோர மாநிலத்தில் இது நியாயமான சந்தேகம்தான். இறால் நிறுத்தப்பட்டது, தடிப்பு நிற்கவில்லை. தாய் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார். மகள் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, பிறகு என்ன ஆயிற்று என்று இரண்டு மாதம் எழுதினார். மூன்றாவதாகப் பார்த்த ஒவ்வாமை நிபுணர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, மறுநாள் வரும்போது ஒரு தக்காளி கொண்டு வரச் சொன்னார். பழத்தில் குத்திய ஊசியால் பெண்ணின் முன்கையில் லேசாகக் குத்தினார். 15 நிமிடத்தில் கொசுக்கடி போல ஒரு மேடு எழும்பியது. கையில் மேடு எழும்பினால் மட்டும் போதாது, சாப்பிட்டபோது நடந்ததும் அதோடு பொருந்த வேண்டும், இங்கே பொருந்துகிறது என்றார்.

உறவினர்கள் சும்மா இருப்பார்களா? தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்று ஒருவர் எங்கோ படித்துவிட்டு வந்தார். தாவரவியல் சரிதான். அதை நம்பி நான்கையும் நிறுத்தியதில் மூன்று வாரம் அந்த வீட்டில் சாப்பாடு என்பதே தண்டனையாகிவிட்டது. உருளைக்கிழங்கு இல்லாத ஒடியா சமையலறையைக் கற்பனை செய்வது தேங்காய் இல்லாத கேரளத்தைக் கற்பனை செய்வது போல. குடும்பம் ஒன்று என்பதால் குற்றமும் ஒன்றாகிவிடாது, அவளுக்குத் தொந்தரவு தராத எதையும் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் கடிந்துகொண்டபின் மூன்றும் திரும்ப வந்தன. தக்காளி வரவில்லை.

புளிப்புக்குத்தானே தக்காளி, அதற்குப் பதில் புளியைக் கரைத்து ஊற்றினால் முடிந்தது என்றுதான் தாய் முதலில் நினைத்தார். ஊற்றிப் பார்த்தபோதுதான் தக்காளி எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. புளிப்பைத் தருகிறது. குழம்புக்குக் கெட்டித்தன்மை தருகிறது. வெந்து சுருங்கும்போது ஒரு இனிப்பும், மாமிசச் சாறு போன்ற ஆழமான ருசியும் தருகிறது. நிறம் தருகிறது. வதக்கும்போது மசாலா அடிப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரும் அதிலிருந்தே கிடைக்கிறது. ஐந்து பேர் வேலையை ஒரு ஆள் பார்த்துவந்த அலுவலகத்தில் அந்த ஆள் ஓய்வு பெற்றுவிட்டால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. புளி ஊற்றிய பன்னீர் கறி கறுத்துப்போனது. தயிர் ஊற்றியது திரிந்தது. எலுமிச்சை பிழிந்த கோழிக் குழம்பைத் தந்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாததுதான் விமர்சனம்.

மாமியாருக்கு இந்த விவகாரமே பிடிக்கவில்லை. காய்கறி சாப்பிட்டு யாருக்காவது உடம்பு கெடுமா? அவர் காலத்தில் இப்படி ஒரு நோய் கேள்விப்பட்டதில்லை. பச்சையாகச் சாப்பிட்டால் ஒருவேளை ஏதாவது செய்யும். அரை மணி நேரம் கொதித்த பிறகு அதில் என்ன இருக்கிறது? இந்தக் கடைசி வாதத்தைக் கிராமத்துக் கிழவியின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தக்காளி ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அது உண்மை. அவர்கள் உடல் எதிர்க்கும் புரதம் சூட்டில் குலைந்துவிடும். பச்சைத் தக்காளியில் வாய் அரிக்கும். சாம்பாரில் வெந்த தக்காளி ஒன்றும் செய்யாது. வேறு சில புரதங்கள் கொதித்தாலும் அசையாதவை. பேத்தியின் பகைவன் இரண்டாவது வகை.

2020 ஜனவரியில் ஒரு மாலை, தாய் அலுவலகத்திலிருந்து திரும்பவில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்திலிருந்து ஒரு கிண்ணம் கட்டா வந்தது. பேத்தி கேட்டாள். பாட்டி ஒரு ஸ்பூன் கொடுத்தார். ஒரே ஒரு ஸ்பூன், அதுவும் பேரீச்சம்பழத்தை மட்டும் எடுத்து. பத்து நிமிடத்தில் பெண் இருமத் தொடங்கினாள். பிறகு குரல் கம்மியது. பிறகு மூச்சு இழுத்தது. அலர்ஜிக்கென்று வீட்டில் இருந்த சிரப்பைப் பாட்டி ஊற்றினார். அது கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் ஸ்கூட்டரில் பாட்டியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு சீரானது. இம்மாதிரி மூச்சு இறுகும்போது அந்த ஊசிதான் முதல் மருந்து என்றும், சிரப்பையும் மாத்திரையையும் நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது என்றும் அன்றிரவு டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். ராத்திரி முழுக்கப் பெண்ணைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

மருமகள் மாமியாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பேத்திக்குத் தன் கையால் எதையும் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். பிஸ்கட்கூட இல்லை. பெண் வந்து மடியில் உட்கார்ந்து கேட்டால், “அம்மாகிட்ட கேளு” என்பார். பேத்திக்கு ஊட்டி வளர்த்த கை அது. ஊரடங்கு வந்து நால்வரும் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோதும் இந்த விரதம் கலையவில்லை.

கலைத்தது கார்த்திகை. ஒடிசாவில் கார்த்திகை மாதம் முழுக்கப் பல விதவைகளும் வயதான பெண்களும் ‘ஹபிஷ’ என்ற நோன்பு இருப்பார்கள். புரிக்குப் போய்த் தங்குகிறவர்கள் ஏராளம். அந்த ஆண்டு கொரோனாவால் புரிக்குப் போக முடியவில்லை. மாமியார் வீட்டிலேயே தனி அடுப்பில், ஒருவேளைச் சாப்பாடாகத் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டார். பச்சரிசிச் சோறு, பாசிப்பருப்பு டால்மா, மேலே நெய். மஞ்சள் கிடையாது, வெங்காயம், பூண்டு கிடையாது. ஒரு மத்தியானம் பேத்தி வாசனை பிடித்துக்கொண்டு அந்த அடுப்பருகில் போய் நின்றாள். அடுத்த அறையிலிருந்து தாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: “போவு, அதில் தக்காளி இல்லையே?” போவு என்றால் அம்மா, அங்கே மாமியாரையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

பல மாதங்களுக்குப் பிறகு மாமியார் குரலை உயர்த்தினார். “கார்த்திகையில் எவளாவது பிலாத்தி பைகணத்தைத் தொடுவாளா?”

பிலாத்தி பைகண என்றால் சீமைக் கத்தரிக்காய். ஒடியாவில் தக்காளிக்கு அதுதான் பெயர். வங்காளியும் அப்படித்தான் சொல்கிறான். தமிழில் நாம் சீமைத்தக்காளி என்றோம். நம் காட்டோரங்களில் உறைக்குள் விளையும் சிறு பழத்துக்கு ஏற்கெனவே இருந்த பெயரைச் சீமையிலிருந்து வந்ததற்குக் கொடுத்து, பிறகு சீமையையும் உதறிவிட்டோம். பெயரின் சொந்தக்காரச் செடியைத்தான் இப்போது அடைமொழி சேர்த்து அழைக்க வேண்டியிருக்கிறது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஜார்ஜ் வாட் 1889 முதல் 1893 வரை தொகுத்து வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதியில், இது இங்கே பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராகிறது என்றும், வங்காளிகளும் பர்மியரும் புளிக்குழம்பில் சேர்க்கிறார்கள் என்றும் குறிப்பு இருக்கிறது. அதாவது, தக்காளி இல்லாமல் குழம்பே இல்லை என்று இன்று நாம் நினைப்பதற்கு வயது நூற்றுச் சொச்சம். இன்று உலகத் தக்காளி விளைச்சலில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. பழைய சமையல் இதற்கு இடம் கொடுக்காத மூலைகள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் திவசச் சமையலுக்குத் தக்காளி ஆகாது. சீமைக் காய்கறிகள் எல்லாம் அன்று விலக்கு.

தாய் மாமியாரின் டால்மாவை ருசித்துப் பார்த்தார். புளித்தது. எங்கிருந்து? மாமியார் சட்டியிலிருந்து கரண்டியால் எடுத்துக் காட்டினார். ஓவு. பெரிய ஆரஞ்சு அளவில், தடித்த இதழ்கள் ஒன்றையொன்று மூடிக்கொண்டிருக்கும் பச்சைக் காய். அந்த இதழ்களைப் பிரித்து, நசுக்கிப் போட்டால் நாரோடு ஒரு மெல்லிய புளிப்பு இறங்கும். மழைக்காலம் ஓய்ந்தபின் ஒடிசாச் சந்தைகளில் குவிந்து கிடக்கும். தாய் அதைத் தெரியாதவர் அல்ல. சின்ன வயதில் அவர் வீட்டிலும் ஓவுக் கட்டா உண்டு. தக்காளி கிலோ பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நகரத்தில், அதை உடைத்து, நசுக்கி, வெல்லம் போட்டு வேகவைக்க யாருக்கு நேரம் என்று விட்டுப்போன பழக்கம்.

அன்று மத்தியானம் பேத்திக்குப் பாட்டியே ஊட்டினார்.

அதற்குப் பிறகு சமையலறையில் அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. மாமியார் கிராமத்துக்குச் சொல்லியனுப்பி ஒரு ஜாடி அம்புலா வரவழைத்தார். கோடையில் மாங்காயைக் கொட்டையோடு கீறி, உப்புப் போட்டு, கறுத்துச் சுருங்கும்வரை வெயிலில் காயவைத்தது. இரண்டு துண்டை வெந்நீரில் ஊறவைத்தால் நான்கு தக்காளியின் புளிப்பு கிடைக்கும். கடுகும் பூண்டும் சீரகமும் அரைத்து ஊற்றிச் செய்யும் மீன் பேசரத்துக்கு இதைவிடப் பொருத்தமான புளிப்பு இல்லை. தக்காளி போட்டுச் செய்ததே இடையில் வந்த சோம்பேறித்தனம் என்கிறார் மாமியார், மருமகள் காதில் விழும்படி. பழைய சோற்றுத் தண்ணீரைப் புளிக்கவைத்து, முள்ளங்கியும் பூசணியும் போட்டுக் காய்ச்சும் காஞ்சி குளிர்கால ராத்திரிகளில் திரும்ப வந்தது. கட்டாவும் வந்தது. ஓவு கிடைக்கும் மாதங்களில் ஓவு, மற்ற மாதங்களில் அம்புலாவும் பேரீச்சம்பழமும். நிறம் மட்டும் சிவப்பல்ல, பழுப்பு.

இதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். பாட்டியின் சமையல் பாட்டி காலத்துப் பண்டங்களுக்குத்தான் கைகொடுக்கும். பதினோரு வயதுப் பெண்ணுக்குப் பன்னீர் பட்டர் மசாலா வேண்டும், பாவ் பாஜி வேண்டும், பிட்சா வேண்டும். இவற்றுக்குப் புராணத்தில் வழி இல்லை. அங்கே தாய்தான் ஆராய்ச்சி செய்தார். பலமுறை தோற்றபின் நிலைத்தது இது: மஞ்சள் பூசணிக்காயையும் ஒரு கேரட்டையும் வேகவைத்து அரைத்த விழுது அரைக் கிண்ணம். வெங்காயத்தைப் பொறுமையாக, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பொன்னிறமாக வதக்குவது. நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள். புளிப்பை அடுப்பை அணைக்கும் தறுவாயில், அம்புலாத் தண்ணீராகவோ மாங்காய்ப் பொடியாகவோ சேர்ப்பது. தயிர் ஊற்றுவதானால் ஒரு ஸ்பூன் கடலைமாவு கலந்து அடித்து, தீயைத் தணித்து ஊற்றினால் திரியாது. பன்னீர் கறியில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று விருந்தாளிகள் சொல்லியிருக்கிறார்கள். பிட்சாவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ரசம் மாதிரி எதையும் அவர் முயலவில்லை. ஆனால் இரண்டு மாடி தள்ளியிருக்கும் தமிழ்க் குடும்பம் வைக்கும் மிளகு ரசத்தில் தக்காளி இல்லை என்று தெரிந்ததிலிருந்து அந்த வீட்டில் பெண்ணுக்கு நிரந்தர இடம் உண்டு.

பூசணி விழுதுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. தள்ளுவண்டிகளில் கிடைக்கும் மலிவுச் சிவப்பு சாஸில் பாதிக்கு மேல் பூசணிக்காய்தான் என்று ஊரே சொல்லும். ஆனால் மீதி என்ன என்பதை யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. பெண் அந்தப் பக்கமே போவதில்லை.

வீட்டு அடுப்பைச் சமாளித்துவிடலாம். வெளி அடுப்புதான் பயம். தக்காளியைச் சாப்பிடக் கூடாத ஒருவருக்கு இன்றைய இந்திய ஓட்டல் ஒரு கண்ணிவெடி வயல். துண்டாகக் கிடந்தால் ஒதுக்கிவிடலாம். கிடப்பதில்லை. பெரும்பாலான ஓட்டல்களில் காலையிலேயே வெங்காயம், தக்காளி அரைத்த பொதுக் குழம்பு ஒன்று அண்டா அண்டாவாகத் தயாராகிவிடும். பகல் முழுக்க அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, இதில் பன்னீர், அதில் கோழி, இன்னொன்றில் காளான். “இதில் தக்காளி இருக்கிறதா?” என்று கேட்டால் சர்வர் தட்டைப் பார்த்துவிட்டு, “இல்லை மேடம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது குழம்பு. கட்டக்கின் பிரசித்தி பெற்ற தஹிபரா-ஆலுதமில், தயிர்வடையைப் பெண் சாப்பிடுவாள். உருளைக்கிழங்குக் குழம்பை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். கடைக்காரர்கள் அதே கரண்டியால் இரண்டையும் எடுப்பதால் இப்போது தயிர்வடையும் நின்றுவிட்டது. பானிபூரியின் ஒடியா அவதாரமான குப்சுப்பில் புளித்தண்ணீர்தான். அது ஒன்று மிச்சம்.

பாக்கெட் தின்பண்டத்துக்காவது சட்டம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாகக் குறிப்பிடச் சொல்கின்றன. பசைப்புரதம் உள்ள தானியங்கள், நண்டு-இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி போன்ற கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட். தக்காளி இந்தப் பட்டியலில் இல்லை. எல்லாப் பண்டத்தையும் பட்டியலில் அடைக்க முடியாது என்பது நியாயம்தான். ஆகவே தாய் கடையில் நின்று பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கிறார். உருளைக்கிழங்கு வறுவலின் ‘மசாலா’ ருசியில் தக்காளித்தூள் இருக்கலாம், நூடுல்ஸ் பொட்டலத்தில் இருக்கலாம். எடைபோட்டுக் கொடுக்கும் மிக்சரில் என்ன இருக்கிறது என்பது ஆண்டவனுக்கும் போட்டவனுக்கும் மட்டுமே தெரியும்.

நடுவில் ஒரு மாதம் நாடே இந்தக் குடும்பத்தின் கட்சியில் சேர்ந்தது. 2023 ஜூலையில் தக்காளி விலை பல நகரங்களில் கிலோ 150 ரூபாயைத் தாண்டிப் போனபோது, டெல்லியில் மத்திய அரசே வேனில் வைத்து 90க்கும், பிறகு 80க்கும், 70க்கும் விற்றது. பர்கர் கடைகள் தக்காளித் துண்டை எடுத்துவிட்டன. பத்திரிகைகளும் டி.வி.யும் தக்காளி இல்லாமல் சமைப்பது எப்படி என்று பாடம் நடத்தின. அலுவலகத்தில் சக ஊழியைகள் இந்தத் தாயைச் சுற்றி நின்று செய்முறை எழுதிக்கொண்டார்கள். அம்புலாவுக்கு மவுசு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் விலை இறங்கியதும் எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

வெளியில் யாரிடமும் எதையும் கேட்காமல் அந்தப் பெண் சாப்பிட்ட இடம் ஒன்று இருக்கிறது. புரி ஜகந்நாதர் கோயில். உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெங்காயம், பூண்டு ஆகியவை அந்த மடைப்பள்ளிக்குள் நுழைவதில்லை. மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகில் வேகவைக்கிறார்கள். நைவேத்தியம் ஆனபின் கோயில் வளாகத்திலேயே ஆனந்த பஜார் என்ற இடத்தில் மகாபிரசாதம் விற்பனைக்கு வரும். ஜாதி பார்க்காமல் அருகருகே உட்கார்ந்து ஒரே பானையிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது அங்கே மரபு. 2022 டிசம்பரில் குடும்பம் போனபோது, சோறு, டால்மா, பேசரம், கட்டா நான்கும் வாங்கி நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது வயதுப் பெண் கட்டாவைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவர் தன் பானையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அவள் இலையில் வைத்தார். அதற்கும் தாய் ஒன்றும் சொல்லவில்லை.

கோயில் விதி மருத்துவ விதி அல்ல. பாலோ நெய்யோ ஆகாத குழந்தைக்கு அந்த இடம் அபாயம்தான். தக்காளி ஆகாதவளுக்கு அது நம்பகமாக இருப்பதற்குக் காரணம், விதி அவளுக்காகப் போடப்பட்டதல்ல என்பதே. சாமிக்கு ஆகாது என்றால் சமையல்காரர் மறக்க மாட்டார். ஒரு குழந்தைக்கு ஆகாது என்றால் மறந்துவிடுவார். கோயிலை விட்டு வெளியே வந்து நூறு அடி நடந்தால் கடைகளில் அதே டால்மா கிடைக்கும், அதில் தக்காளி மிதக்கும்.

2025இல் பெண் ஒரு அரசு உறைவிடப் பள்ளியின் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினாள். பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரம். ஆறாம் வகுப்பு முதல் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். நல்ல பள்ளி, செலவில்லாத படிப்பு. தந்தைக்கு ஒரே சந்தோஷம். தாய் மூன்று இரவு தூங்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கும் மெஸ். அங்கே யார் கேட்பார், யாரைக் கேட்பாள்? அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்துச் சொல்லியும்விட்டார். பெண் அழவில்லை. “என்னைக்கும் நீ கூடவே வருவியா?” என்று மட்டும் கேட்டாள். பாட்டி பேத்தி பக்கம் சேர்ந்துகொண்டார். அந்த ஒரு ஸ்பூனைப் பற்றி அவர் முதன்முதலாக வாய் திறந்தது அன்றுதான். “நான் கொடுத்தது அவளுக்குத் தெரியாத வயசு. இப்ப நானே கொடுத்தாலும் வாங்க மாட்டாள்.”

சேர்க்கைக்கு முன் தாய் தனியாகப் போய் மெஸ்ஸைப் பார்த்தார். தலைமையாசிரியர் டாக்டர் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். பக்கத்து ஆஸ்பத்திரியில் பேசி வைப்பதாகச் சொன்னார். தலைமைச் சமையல்காரர் ஐம்பது வயதுக்காரர். தனிச் சமையலெல்லாம் நடக்காத காரியம் என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். தாய் கிளம்பத் தயாரானபோது அவரே மறுபடி கூப்பிட்டார். டால்மாவில் பருப்பும் காயும் வெந்த பிறகுதான் தக்காளி வதக்கிக் கொட்டுகிறோம். கொட்டுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். கறிக்கு என்ன செய்வது? கறிக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், தக்காளிக் கறி நாளில் முட்டையோ தயிரோ. கட்டா நாளில் ஒன்றும் கிடையாது.

கரண்டி என்று தாய் ஆரம்பித்தார். எந்தக் கரண்டி என்று அவர் கேட்டார். தக்காளிச் சட்டியில் போடாத கரண்டி. சமையல்காரர் சுவரில் தொங்கிய ஏழெட்டுக் கரண்டிகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

மறுவாரம் பெட்டியோடும் ஒரு ஜாடி அம்புலாவோடும் பெண் பள்ளிக்குப் போனபோது, காம்பில் நீலப் பெயிண்ட் அடித்த கரண்டி ஒன்று கூடப் போயிற்று. கடைசி நேரத்தில் பாட்டி அதே பெயிண்டில் இன்னொன்றும் தயார் செய்து பையில் வைத்தார். மெஸ்ஸில் ஒன்று தொலைந்துபோகும் என்பது அவர் கணக்கு. தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது பெண் ஒரு கரண்டியைத்தான் திருப்பிக் கொண்டுவந்தாள், மறுபடி பெயிண்ட் அடிப்பதற்கு.